விடத் தெரிந்த கை

எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர் அண்மைக்காலமாக ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். “குதிரையேற்றம் பழக்கினால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்லதாமே, அனுப்பலாமா?” கைப்பேசியில் பார்த்த காணொளியோ, வெளியூர் உறவினர் சொன்ன செய்தியோ அக்கேள்விக்கு வித்திட்டிருக்கும். கேட்பவரின் முகத்தில் விருப்பமும் அச்சமும் ஒருசேரத் தோன்றும். நடக்கத் தடுமாறும் பிள்ளை நிமிர்ந்து உட்காரமாட்டானா என்னும் விருப்பம். தரையிலேயே விழுந்தெழும் பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றுவதா என்னும் அச்சம்.

மருந்தைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ கேட்டால் தெளிவாக விடை கூறப் பழகிய நாங்கள், இக்கேள்விக்கு மட்டும் நெடுநாள் “பார்க்கலாம்” என்றே சொல்லிவந்தோம். அது விடையாகாது என்று உணர்ந்தபின், நகருக்கு வெளியே தென்னந்தோப்பை ஒட்டியுள்ள ஒரு குதிரை லாயத்திற்குச் சில சனிக்கிழமைகளில் சென்றுவந்தோம். குதிரையைப் பழக்கும் முறையையும், சிறு பிள்ளைகளுக்கு ஏற்றம் கற்பிக்கும் முறையையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். எங்களுக்கு ஏற்பட்ட கருத்தை இங்கு ஒளிக்காமல் எழுதுகிறோம். தக்க பிள்ளைக்கு, தக்க இடத்தில், குதிரையேற்றம் நன்மை தரும். ஆயினும் அங்கே முதலில் பாடம் கற்கவேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர். அவர்களைப் பற்றிக்கொண்டு நிற்கும் பெரியவர்களாகிய நாமே.

முதல் மாணவர் குதிரை

லாயத்தில் பிள்ளைக்குப் பாடம் தொடங்கும் முன்னரே குதிரைக்குப் பல மாதப் பாடம் முடிந்திருக்க வேண்டும். குதிரை இயல்பிலேயே அஞ்சும் விலங்கு. திறந்த புல்வெளிகளில் ஓநாய் முதலிய வேட்டை விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம் அது. எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதே அதற்குத் தெரிந்த தற்காப்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அதனால் காண முடியும். நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் உள்ள இடங்களே அதன் பார்வைக்குத் தப்புபவை. பின்புறமாக ஓசையின்றி வருபவரைக் குதிரை உதைப்பது கெட்ட குணத்தால் அன்று. வருவது யார் என்று தெரியாத அச்சத்தால்.

இத்தகைய விலங்கின் முதுகில், திடீரென்று கூவக்கூடிய, கையையும் காலையும் உதறக்கூடிய ஒரு குழந்தை அமரப்போகிறது. ஆகவே அச்சம் தரக்கூடிய பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் பயிற்சியாளர் குதிரையைப் பழக்குகிறார். விரிந்த குடை, உருண்டோடும் பந்து, காற்றில் படபடக்கும் நெகிழிப் பை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல் என அவை நீள்கின்றன. நாங்கள் பார்த்த அன்று ஒரு கறுப்புக் குடை இருபதடி தொலைவில் விரிந்து நின்றது. குதிரை காதுகளை விறைத்துக்கொண்டு மூச்சை உரக்க விட்டது. யாரும் அதை அதட்டவில்லை. குடையை நோக்கி இழுக்கவும் இல்லை. சிறிது நேரத்தில் அது தலையைத் தாழ்த்தி வாயை அசைத்தது. அந்நொடியே குடையை மடக்கி விலக்கிவிட்டார்கள். அடுத்த முறை குடை இரண்டடி நெருங்கி நின்றது.

எல்லாக் குதிரைகளும் இப்பணிக்குத் தேறுவதில்லை. துடிப்பு மிக்கவை வேறு வேலைக்குப் போகின்றன. உலகத்தைப் போதுமான அளவு பார்த்துவிட்ட, நடுவயதுக்கு மேற்பட்ட மட்டக்குதிரைகளே பெரும்பாலும் சிறுவர்களின் ஆசிரியர்களாக அமைகின்றன.

எங்களை நிறுத்திச் சிந்திக்க வைத்த செய்தி இதற்குப் பின் வந்தது. குதிரையைத் திருப்புவதற்குக் கடிவாள வாரை மெல்ல இழுக்கின்றனர். முன்னே நடத்துவதற்கு விலாவில் காலால் மெல்ல அழுத்துகின்றனர். அந்த இழுப்பும் அழுத்தமுமே குதிரைக்குக் கற்பிக்கின்றன என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பயிற்சியாளர் தலையசைத்து மறுத்தார். “அழுத்தறது கேள்வி கேக்கற மாதிரிங்க. குதிரை சரியாச் செஞ்ச உடனே விடறோம் பாருங்க, அதுதான் பாடம். விடாம அழுத்திக்கிட்டே இருந்தா அதுக்கு மரத்துப் போயிடும்” என்றார்.

நடத்தையியல் அறிஞர்களும் இதையே வேறு சொற்களில் கூறுவர். வேண்டிய செயல் நிகழ்ந்தவுடன் அழுத்தம் நீங்குமானால், அச்செயல் மீண்டும் நிகழ்வதற்கான வாய்ப்பு வலுப்பெறுகிறது. விடுவது சற்றே காலம் தாழ்ந்தாலும், எதற்காக விட்டார்கள் என்பது குதிரைக்கு விளங்காமற் போகும். எப்போதும் இழுத்தே பிடிக்கப்பட்ட குதிரையின் வாய் மரத்துவிடும்; பிறகு எவ்வளவு பலமாக இழுத்தாலும் அது பொருட்படுத்தாது. கிரேக்க அறிஞர் செனபோன் 2300 ஆண்டுகளுக்கும் முன்னர்க் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலேயே, சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்று அறிவுறுத்தியிருக்கிறார். பழக்குதல் என்பது அடக்குதல் அன்று என்பதை அக்காலத்திலேயே சிலர் அறிந்திருந்தனர்.

நம்மைப் படிக்கும் விலங்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்னும் குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குக் கணக்குக் கற்பித்திருந்தார். இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டால், குளம்பால் ஐந்து முறை தரையைத் தட்டி நிறுத்தும். 1904-இல் ஒரு குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்றது. அதன்பின் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் உளவியலாளர் நுணுகி ஆராய்ந்து, 1907-இல் தம் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரறியாமல் தோன்றும் மிக நுண்ணிய அசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்திவந்தது.

ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது; மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது. நாங்கள் சென்ற லாயத்திலும் இதை நேரில் கண்டோம்.

இரண்டாம் சனிக்கிழமை, பெருமூளை வாதத்தால் இரு கால்களிலும் தசை இறுக்கம் உள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் முதன்முறையாக வந்திருந்தான். அவனுடைய தாய் வந்தது முதல் அவன் கையை விடவில்லை. தலைக்கவசத்தின் பட்டையை அவரே மாட்டினார். பயிற்சியாளர் சிறுவனிடம் பெயர் கேட்டபோது அவரே சொன்னார். குதிரைக்குப் புல் கொடுக்கச் சொன்னபோது, மகனின் கையைத் தம் கைக்குள் இறுகப் பிடித்தபடி நீட்டினார். குதிரை புல்லைத் தொடாமல் தலையை உயர்த்தி ஓரடி பின்வாங்கியது.

“அம்மா, கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா. நீங்க மூச்சைப் பிடிச்சா தம்பியும் பிடிக்கிறான். அவன் பிடிச்சா இதுவும் பிடிக்குது” என்றார் பயிற்சியாளர்.

அந்தத் தாய் தம்மை அறியாமல் சிரித்துவிட்டார். சிரிப்போடு மூச்சு வெளிவந்தது, கையும் தளர்ந்தது. சிறுவன் உள்ளங்கையை விரித்துத் தானே புல்லை நீட்டினான். குதிரை தலையைத் தாழ்த்தி, உதடுகளால் பொறுக்கித் தின்றது.

மருத்துவமனை வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மருத்துவர் வாய் திறக்கும் முன்பே, பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்து முடிவை அறிந்துகொள்கிறது. ஊசியைக் கண்டு குழந்தை நடுங்குவதற்கு முன், அதைத் தூக்கிவைத்திருக்கும் கை நடுங்கியிருக்கும். பிள்ளைக்குத் தைரியம் சொல்வதற்கு முன் நாம் ஒருமுறை மூச்சை நிதானமாக வெளிவிடுவது, சொற்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

ஏறுவதற்கு முன்னும் பின்னும்

இந்த லாயத்தில் முதல் நாளில் ஏற்றம் கிடையாது. குதிரையின் கண்ணுக்குத் தெரியும்படி, பேசிக்கொண்டே பக்கவாட்டில் நெருங்க வேண்டும் என்பதுதான் முதற்பாடம். பின்னர் தூரிகையால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். ஊறவைத்த கொள்ளைத் தொட்டியில் போட வேண்டும். குளம்பின் இடுக்கிலிருந்து கல்லை எடுப்பதைப் பார்க்க வேண்டும். தன் உயரத்தைப்போல் இருமடங்கு தோன்றும் உயிர் ஒன்று தன் கைபட்டு அமைதியுறுவதைப் பிள்ளை அப்போதுதான் முதன்முதலாக உணர்கிறது. நாள்தோறும் பிறர் கையால் பராமரிக்கப்படும் பிள்ளைக்கு, தான் ஓர் உயிரைப் பராமரித்தோம் என்னும் நினைவு சிறிய செய்தி அன்று.

அடுத்த நாள் ஒரு மேடையிலிருந்து சேணத்தின்மேல் அமர்த்துகின்றனர். வாரைக் கையில் கொடுப்பதில்லை. ஒருவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்த, பிள்ளை சேணத்தின் முன்பட்டையைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்காரக் கற்கிறது. காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் அமைவது நல்ல இருக்கை. ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்பிக்கின்றனர். ஆழ உட்கார்ந்து, மூச்சை வெளிவிட்டு, “நில்லு” என்று சொல்ல வேண்டும். தன் சொல்லுக்கு அப்பெரிய விலங்கு நின்றதைக் கண்ட ஒரு சிறுமி, அதை நம்பாமல் மும்முறை நடத்தி மும்முறை நிறுத்திப் பார்த்தாள். பிறகு விளையாட்டுகள் வருகின்றன. கம்பத்தில் மாட்டிய வளையத்தை எட்டி எடுத்தல், பந்தை வாளிக்குள் போடுதல், முன்குனிந்து குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தல் என்று இருபது அல்லது முப்பது நிமிடங்களில் பாடம் முடிந்துவிடும்.

இதில் உடலுக்கு என்ன நன்மை என்பதையும் சொல்ல வேண்டும். நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேல்கீழாகவும் அசைகிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பை அது அசைக்கும் விதம், மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தை ஒத்திருக்கிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 அசைவுகள் என்று கொண்டால், இருபது நிமிடங்களில் 2000 முறை உடல் நிலைகுலைந்து மீண்டும் நிமிர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு, முதுகுத் தசைகள் வேலை செய்கின்றன. அகன்ற, வெதுவெதுப்பான முதுகின் இருபுறமும் காலை விரித்து அமர்வதால், இறுகிய தொடைத் தசைகள் மெல்ல நெகிழ்கின்றன. பாயில் படுக்கவைத்து இதே தசைகளை நாங்கள் நீட்டும்போது அழும் பிள்ளை, குதிரைமேல் அதை மறந்துவிடுகிறது.

ஆயினும் எல்லையை அறிந்து பேசுவது எங்கள் கடமை. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் நிமிர்ந்திருத்தல், சமநிலை ஆகியவற்றில் முன்னேற்றத்தைக் காட்டியுள்ளன. அம்முன்னேற்றம் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவாக இல்லை. குதிரையேற்றம் நோயை நீக்காது. உடலியக்கப் பயிற்சிக்கும், மருத்துவர் தரும் மருந்துக்கும், அறுவை மருத்துவத்திற்கும் அது மாற்றாகாது. “பத்து வகுப்பில் நடக்கவைக்கிறோம்” என்று எவரேனும் சொன்னால், அது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கச் சொல்வதாகும்.

மூவரின் கைகள்

தேவையுள்ள பிள்ளை குதிரைமேல் அமரும்போது மூன்று பெரியவர்கள் உடன் நடக்கின்றனர். ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மற்ற இருவர் இருபுறமும் வருவர். இந்தப் பக்கத் துணைவர்களின் கைகளையே நாங்கள் பல வாரங்கள் கவனித்துக்கொண்டிருந்தோம். தொடக்கத்தில் அவர்கள் முன்கையைப் பிள்ளையின் தொடைமீது குறுக்காக வைத்துச் சேணத்தைப் பிடித்திருந்தனர். சமநிலை வந்தபின் கணுக்காலை மட்டும் பிடித்தனர். அதன்பின் தொடாமல், தொடும் தொலைவில் கையை வைத்துக்கொண்டு நடந்தனர். ஒருநாள் ஒரு பக்கத்துத் துணைவர் இரண்டடி விலகி நடந்தார். பிள்ளை சாய்ந்தபோது உடனே தாங்கினார்கள். நிமிர்ந்தவுடன் உடனே கையை எடுத்தார்கள். குதிரைக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்தார்கள்.

எந்த நிலையிலும் அவர்கள் பிள்ளையைச் சேணத்தோடு கட்டவில்லை. ஏன் என்று ஒரு தந்தை கேட்டார். குதிரை இடறினால் கட்டுண்ட பிள்ளையும் அதன் அடியில் சிக்கும் என்பதே விடை. பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் கட்டு சில வேளைகளில் பேராபத்தாகும் என்பதை அந்தத் தந்தையோடு நாங்களும் கற்றோம்.

டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெலின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனையான அவரை 1944-இல், 23 வயதில், கருவுற்றிருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. அவருக்கோ முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. காலால் குறிப்புக் கொடுக்க இயலாத அவர், உடலின் எடையையும் முதுகின் அசைவையும் கொண்டே ஜூபிலி என்னும் பெண்குதிரையைப் பழக்கினார். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், நடைநயப் போட்டியில் பெண்களுக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்தபோது, ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் வெள்ளி வென்றார். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் துணை கடைசிவரை தேவைப்பட்டது. ஏற்றிவிட்டவர்கள் ஆடுகளத்திற்கு வெளியே நின்றார்கள். உள்ளே அவரும் குதிரையும் மட்டுமே இருந்தனர். பின்னர் 1969-இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற அமைப்புகள் தோன்றின. அவ்வியக்கம் வளர்வதற்கு அவருடைய வெற்றி பெரிய ஊக்கமாக அமைந்தது.

அச்சம் நியாயமானதே

“விடு, விடு என்று சொல்வது எளிது. விழுந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் நாங்கள் அல்லவா?” என்று இதை வாசிக்கும் தாய்மார் கேட்கலாம். கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் இரவுகளைக் கழித்த கை, எளிதில் தளராது. அந்தப் பிடி அன்பினால் வந்தது. அதைக் குறைகூற எங்களுக்குத் தகுதி இல்லை. மேலும், குதிரையேற்றத்தில் ஆபத்து உண்மையாகவே உண்டு. 400 முதல் 500 கிலோ எடையுள்ள விலங்கிலிருந்து விழுவதும், அதன் உதைக்கு ஆளாவதும் தலைக்காயத்தையும் எலும்பு முறிவையும் உண்டாக்கக் கூடும்.

ஆகவே சிலவற்றை உறுதியாகச் சொல்கிறோம். கட்டுக்குள் வராத வலிப்பு, முதுகெலும்பு உறுதியின்மை, இடுப்பு மூட்டு விலகல், எளிதில் நொறுங்கும் எலும்பு, இரத்தம் உறையாக் குறைபாடு, அண்மையில் நடந்த அறுவை, அமருமிடத்தில் புண் ஆகியவை இருந்தால் குதிரை ஏற்றுதல் கூடாது, அல்லது மருத்துவர் தெளிவாக இசைவு தரும்வரை காத்திருக்க வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கக் கூடும். அதைப் பரிசோதித்த பின்னரே அனுப்ப வேண்டும். விலங்குகளின் முடியாலும் தூசியாலும் மூச்சிரைப்பு வரும் பிள்ளைகளுக்கும் முன் ஆலோசனை தேவை. குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இரணஜன்னிக் கிருமி இருக்கும் என்பதால் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருக்க வேண்டும். குதிரையேற்றத்துக்கென அமைந்த தலைக்கவசமும், அங்கவடியில் பாதம் நழுவிச் சிக்காதபடி சிறு குதிகால் உள்ள காலணியும் கட்டாயம். பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

மெரினா கடற்கரையிலும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும், ஊட்டியிலும் குதிரைச் சவாரி கிடைக்கிறது. அது பலருடைய பிழைப்பு. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் தருகிறது. எனினும் நாங்கள் இங்கே பேசும் பயிற்சி அதுவன்று. அக்குதிரைகள் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பழக்கப்பட்டவை அல்ல. உடன் நடக்கும் மூவரும் அங்கே இல்லை.

லாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைக்கான வசதியைப் பார்ப்பதற்கு முன் குதிரையைப் பாருங்கள். அதன் விலா எலும்புகள் துருத்துகின்றனவா? சேணத்தின் கீழ்ப் புண் இருக்கிறதா? நிழலும் தண்ணீரும் உள்ளனவா? பயிற்சியாளர் அதனிடம் எவ்வாறு பேசுகிறார்? குதிரையிடம் கை ஓங்குபவர் பிள்ளையிடம் பொறுமை காட்டுவார் என்று நம்புவதற்கில்லை.

லாயம் இல்லாத ஊரில்

இத்தகைய லாயங்கள் நம் பகுதியில் குதிரைக்கொம்பே என்பதையும், கிடைத்தாலும் கட்டணம் பலருக்கு எட்டாது என்பதையும் அறிவோம். இக்கட்டுரையை வாசிப்பவர்களுள் பெரும்பாலோர் தம் பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றப்போவதில்லை. அவர்களுக்கும் லாயத்தின் பாடம் உதவும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சட்டைப் பித்தானைப் போட முயலும் பிள்ளையின் விரலுக்கு அருகே உங்கள் கை இருக்கட்டும். முந்திக்கொண்டு போட்டுவிட வேண்டாம். அவனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவனே விடை சொல்லும்வரை மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பக்கவாதத்துக்குப் பின் கரண்டியைப் பிடிக்கப் பழகும் தந்தையின் முழங்கையைத் தாங்குங்கள். கரண்டி வாயை எட்டத் தொடங்கியவுடன் தாங்கும் கையை எடுத்துவிடுங்கள். நான்கு பருக்கை சிந்தினால் சிந்தட்டும். பயிற்சியாளர்கள் களைப்பு வரும்வரை குதிரையை விரட்டுவதில்லை. ஒரு செயலை நன்றாகச் செய்தவுடன் அன்றைய பாடத்தை முடித்துவிடுகின்றனர். வீட்டுப் பயிற்சியையும் அவ்வாறே, தோல்வியில் அல்லாமல் ஒரு சிறு வெற்றியில் முடியுங்கள். எந்த வேலையில், எந்த அளவுக்குக் கையை விடலாம் என்பதை அடுத்த முறை வரும்போது எங்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அது வேறுபடும். தாங்க வேண்டிய இடத்தில் விடுவதும் தவறே.

இவ்வறிவுரை முதலில் எங்களுக்கே உரியது. பிரிவில் நேரம் போதாது என்று சொல்லி, பிள்ளை தானே காலணி மாட்டும்வரை காத்திராமல் நாங்களே மாட்டிவிட்ட நாள்கள் பல. பத்து நிமிட வேலையை ஒரு நிமிடத்தில் முடித்து, அதைத் திறமை என்று எண்ணியிருக்கிறோம். அந்த ஒன்பது நிமிடங்கள் பிள்ளைக்கு உரியவை என்பது குதிரை லாயத்தின் வேலியருகே நின்றபோதுதான் உறைத்தது.

கடைசியாகச் சென்ற சனிக்கிழமை, முன்னர்ச் சொன்ன சிறுவன் மூன்று சுற்று முடித்து மேடையருகே வந்தான். “நில்லு” என்றான். குதிரை நின்றது. இறக்கிவிட்டபின் அவன் சுவரில் சாய்ந்துகொண்டு தலைக்கவசத்தின் பட்டையைக் கழற்றத் தொடங்கினான். விரல்கள் வழுக்கின. தாய் இரண்டடி தள்ளி நின்றார். அவருடைய வலக்கை ஒருமுறை உயர்ந்தது. பிறகு அவரே அதை இடக்கையால் பிடித்துக்கொண்டார். பழக்கத்தால் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். நான்கு நிமிடங்கள் ஆயின. பட்டை கழன்றது. அவன் தலைக்கவசத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினான். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.